குலுக்கிப் பார்த்த தோட்டா

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் என்னைத் தேடிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தார்கள். பழைய துப்பாக்கித் தோட்டாக்களைச் சேகரிக்கிறவர்கள். பாலக்காட்டில் துப்பாக்கிக் கடையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த கிழவன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோட்டாக்களை அடையாளம் காண்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் என்றார்கள். சரி என்றேன். காப்பி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவர், பாங்கியில் அதிகாரியாக இருக்கிறவர், தான் கொண்டுவந்த பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் தோட்டாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். "உள்ளே ஒண்ணும் இல்லை, சத்தமே வரலை பாருங்க" என்றார்.

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். மனுஷர் வெலவெலத்துப் போனார். மரியாதை தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அடையாளம் காண்பதைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் தப்பாக அடையாளம் கண்ட ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். என் ஒரு வார்த்தையால் ஒரு மனுஷர் இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரே காலையில் போயிற்று. அதை அவர் மனைவியின் கண் முன்னாலேயே செய்தேன். செய்தது தெரியாமல் டீயும் வாங்கிக் குடித்தேன்.

கடையில் சேரும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா தேங்காய் வியாபாரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை தேங்காய் எண்ண வேண்டாம் என்று யாரையோ பிடித்து அந்தக் கடையில் சேர்த்துவிட்டார். முதல் வருஷம் கூட்டிப் பெருக்கியதும், லைசென்ஸ் புத்தகங்களைப் பதிந்ததும்தான். இரண்டாம் வருஷம் தோட்டா அலமாரியின் சாவி கைக்கு வந்தது. மூன்றாம் வருஷம் தலைகால் தெரியாத கர்வமும் வந்தது. படிப்பு அவ்வளவுதான்.

கடை மேனேஜர் சாமா அய்யர். கல்பாத்திக்காரர். யுத்த காலத்தில் பட்டாளத்துத் தளவாடக் கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர். வெங்காயம்கூடச் சாப்பிடாத மனுஷர். ஆனால் காட்டெருமைக்கு எந்தத் தோட்டா, கரடிக்கு எந்தத் தோட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. அதிகம் பேசமாட்டார். வாடிக்கைக்காரர் ஒரு தோட்டாவைக் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால், முதலில் அவரை உட்காரச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் தோட்டாவின் அடிப்பாகத்தை மட்டும் ஒற்றி எடுப்பார். புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "இதென்ன, ஆத்துல பொங்கப் பானையா?" என்பார். புளி பட்டால் முத்திரை தேய்ந்துவிடும், பழைய பித்தளையின் நிறமும் போய்விடும்.

அடியில் இருக்கும் முத்திரை எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படிப்பார். பிறகு விளிம்பின் அகலம், கூட்டின் நீளம், கழுத்து ஒடுங்குகிறதா, நேராக இருக்கிறதா என்று அளப்பார். கடைசியில் தராசு. நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வைத்திருந்தார். கூடு இவ்வளவு, குண்டு இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று ஒவ்வொரு ரகத்துக்கும் எடை எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று அவரிடம் உண்டு. இத்தனையும் முடிகிற வரை வாயைத் திறக்கமாட்டார். வாடிக்கைக்காரர் அவசரப்பட்டால், "சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாதோல்லியோ, கொஞ்சம் இரும்" என்பார். இதெல்லாம் கிழட்டுச் சடங்கு என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. தோட்டாவில் மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எதற்குத் தராசு? காதருகே வைத்து ஆட்டினால் தெரியாதா? எங்கள் வீட்டில் எட்டு வயசிலேயே தேங்காயைக் காதில் வைத்து ஆட்டி, தண்ணீர் இருக்கிறதா, வற்றிவிட்டதா, கொப்பரைக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவோம். அந்தக் காது எனக்கு உண்டு. கடையில் வரும் வேட்டைத் தோட்டாக்களையும் அப்படி ஆட்டிப் பார்ப்பேன். சிலவற்றில் கரிமருந்துத் தூள் கலகலவென்று ஓடும். சிலவற்றில் ஓடாது. அவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் கூடாக இருக்கும். அய்யர் இல்லாத நேரத்தில் இதை நான் ஒரு வித்தையாகவே காட்டிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாலக்காடு அப்போது மதராஸ் ராஜ்யம், மூணாறு திருவிதாங்கூர்-கொச்சி. எங்களுக்கு இரண்டு பக்கமும் வாடிக்கை. கிளம்புகிற துரைகள் துப்பாக்கிகளை எங்களிடம் விற்றுவிட்டுப் போவார்கள். ஒரு துரை மட்டும் வேறு விதம். அவர் பழைய தோட்டாக்களைச் சேகரிப்பவர். காகிதம் சுற்றிய குண்டு உள்ளது, பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது, மூடிப்போன கம்பெனிகளின் முத்திரை போட்டது, இப்படி ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று வேண்டும் என்று கடைக்குக் கடிதம் எழுதுவார். மலையில் பழைய ஷிகாரிகளின், அதாவது வேட்டைக்காரர்களின், வீடுகளில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நல்லதொரு வேலை. லயத்தில், அதாவது தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், தோட்டாக் கூட்டை ஊதலாக்கியிருப்பார்கள், மூக்குப்பொடி வைத்திருப்பார்கள், ஒரு வீட்டில் சாமி விளக்குக்குத் திரி தாங்கியாகவே வைத்திருந்தார்கள். நான் புதிதாக ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்து அதை எடுத்து வந்தேன்.

அந்தத் தடவை மூணாற்றிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் போகிற எஸ்டேட். கணக்கப்பிள்ளைதான் கூட்டிக்கொண்டு அலைந்தார். கெட்டிக்காரர், பேச்சுக்காரர். நாலைந்து வீடுகளில் ஒன்றும் தேறவில்லை. காலை பத்து மணி இருக்கும். களை வெட்டும் ஆட்களுக்குத் தேநீர் நேரம். பிரட்டுக்களத்தில், அதாவது தினமும் காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற மைதானத்தில், பத்திருபது பேர் குந்தியிருந்தார்கள். "ஏ, இசக்கிமுத்து, ஒங்கிட்ட ஒண்ணு கெடக்கே, கொண்டா. பாலக்காட்டுலேர்ந்து ஆளு வந்திருக்கு" என்றார் கணக்கப்பிள்ளை.

இசக்கிமுத்துவுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான, உயரமான மனிதர். அவர் உடனே எழுந்து போகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவுக்குத் தோட்டா சங்கதி எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதது அந்தக் கடையில யாருக்குங்க தெரியும்?" என்றேன். இப்படியே சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது.

அவர் லயத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பேச்சியம்மாவும் வந்தார், தேயிலைக் கூடை கட்டிய தலைத்துணியோடு. சிவப்புத் துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் உள்ளே யானைத் துப்பாக்கித் தோட்டா, ஐந்நூற்று எழுபத்தேழு என்கிற பெரிய ரகம். என் நடுவிரலைவிட நீளம், என் கட்டைவிரலைவிடப் பருமன். சாமி மாடத்தில் வைத்திருந்ததால் அடிப்பாகம் முழுக்க மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கெட்டியாகியிருந்தது. விளிம்பில் ஒரு ஓரம் சுரண்டிப் பார்த்தேன். லண்டனில் எப்போதோ மூடிப்போன ஒரு சின்னக் கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரையை அய்யரின் நோட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தோட்டா சேகரிக்கும் துரை இதற்காகக் கப்பலை விட்டுவிட்டுத் திரும்பி வருவார் என்று நினைத்தேன்.

"இத நான் விக்கதுக்குக் கொண்டாரல ஐயா" என்றார் இசக்கிமுத்து. "உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க."

விலை பேசுகிறவர்கள் இப்படி ஏதாவது கேட்பார்கள்தான். அதில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. பிரட்டுக்களமே பேச்சை நிறுத்தியதையும் நான் கவனிக்கவில்லை. காதருகே வைத்தேன். ஆட்டினேன். இந்தக் காது, அந்தக் காது, இரண்டிலும். துளிச் சத்தம் இல்லை.

"இதுல மருந்து இல்லீங்க" என்றேன். "யாரோ எடுத்துப்போட்டுக் குண்டைத் திரும்ப மாட்டியிருக்காங்க. வெறும் கூடு."

பேச்சியம்மா கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், புரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை ஏதோ நடக்கிறது போலிருக்கிறது, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அந்த அம்மாள் தலைத்துணியை அவிழ்த்தார், மடித்தார், திரும்பிக் கூட்டத்தோடு நடந்துபோனார். இசக்கிமுத்து சிவப்புத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டாவை என் கையில் திணித்தார். "கொண்டுபோங்க. எனக்கு எதுக்கு இனி" என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வாயெல்லாம் பல். கணக்கப்பிள்ளை வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஜீப் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கணக்கப்பிள்ளை சொன்னார். "நல்ல வேலை செஞ்சிய. இருவது வருசமா சாதிச்சான் அந்த ஆளு."

என்ன சாதித்தார் என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன் லயத்துக்குள் ஒற்றை யானை வந்துகொண்டிருந்தது. அப்போதிருந்த துரை அதைச் சுடப் போனார். இசக்கிமுத்துதான் துரைக்குத் துப்பாக்கி தூக்குகிறவர். தோட்டா எண்ணி வாங்குவதும், மாட்டிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. தடம் பார்த்து முன்னால் போனது பேச்சியம்மாவின் தம்பி முருகேசன். யானை திரும்பியது. துரை சுட்டார். துப்பாக்கி வெடிக்கவில்லை. யானை முருகேசனை மிதித்துவிட்டது. இசக்கிமுத்து தோட்டாவில் இருந்த மருந்தை எடுத்துத் திருட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்றிருக்கிறான் என்று துரை சொன்னார். துரை சொன்னால் சொன்னதுதான். இசக்கிமுத்து களை வெட்டும் வேலைக்குப் போனார். வெடிக்காத அந்தத் தோட்டாவை மட்டும் துப்பாக்கியிலிருந்து உருவி மடியில் முடிந்துகொண்டார். தானே திறந்தால் பிறகு மருந்தை உள்ளே போட்டான் என்பார்கள் என்று திறக்கவேயில்லையாம். எஸ்டேட்டில் எல்லாரும் துரை சொன்னதை நம்பினார்கள், ஒரே ஒருத்தியைத் தவிர. செத்தவனின் அக்கா. "எம் புருசன் எடுக்கல" என்று சொந்தத் தாயோடு சண்டை போட்டு, தாய் செத்ததற்குக்கூட ஊருக்குப் போகாதவர் அந்த அம்மாள்.

"இப்பத்தான் உண்மை தெரிஞ்சிதே. நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்றார் கணக்கப்பிள்ளை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னோம், அது கசப்பாக இருந்தது, நாம் என்ன செய்ய என்றுதான் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். மறையூர் தாண்டி சின்னாறு செக்போஸ்ட்டில் சந்தனக்கட்டை தேடுகிற ஃபாரஸ்ட் கார்டு என் பையைக் கொட்டினார். தோட்டாவை எடுத்து, "இதெந்தா?" என்று கேட்டார். காலித் தோட்டா என்றேன். அவர் அதன் அடிப்பக்கத்தால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உடுமலையில் பஸ் மாறி, அதை மடியில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி வழியாகத் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் சாமா அய்யர் முன் பெருமையாக அதை வைத்தேன். அவர் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். அவர் சந்தோஷம் மீசைக்கு மேலே ஏறாது. பிறகு பஞ்சை எடுத்தார். மஞ்சளும் குங்குமமும் கரைந்து பஞ்சு சிவந்தது. நாலைந்து பஞ்சு மாற்றினார். அடியில் நடுவே இருக்கும் செம்புத் தொப்பி தெரிந்தது. துப்பாக்கியின் ஊசி அடிக்கிற இடம் அது. அதில் ஒரு பள்ளம்.

"இது அடிபட்ட தோட்டான்னா" என்றார். "ஊசி விழுந்திருக்கு. வெடிக்கலை."

"உள்ளே மருந்து இல்லீங்களே சாமி, எப்படி வெடிக்கும்?" என்றேன்.

"மருந்து இல்லேன்னு யார் சொன்னா?"

"நான்தானுங்க. குலுக்கிப் பார்த்தனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குலுக்கி?"

"காதுல வச்சுங்க. துளிச் சத்தம் இல்லீங்க."

"தேங்காயாக்கும் இது" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தராசை இழுத்தார். நோட்டைப் பிரித்தார். வெறும் கூடும் குண்டும் மட்டும் என்றால் இருக்க வேண்டிய எடையைத் தட்டில் வைத்தார். மறுதட்டில் தோட்டா. தோட்டா இருந்த தட்டு கீழே போய் உட்கார்ந்தது. அவர் சின்ன எடைகளாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவான எடை சேர்ந்ததும் முள் நேராக நின்றது. நோட்டில் அந்த ரகத்துக்கு நேரே மருந்து என்ற கட்டத்தில் எழுதியிருந்த அதே எடை. முந்தின நாள் அதை மடியில் வைத்துத் தூங்கியது நினைவுக்கு வந்தது. செக்போஸ்ட் மேஜையில் தட்டிய சத்தம் காதில் கேட்டது. முதலில் என் சாவைப் பற்றித்தான் பயந்தேன். பயம் அடங்கிய பிறகுதான் பிரட்டுக்களம் நினைவுக்கு வந்தது.

கடையை அடைக்கச் சொன்னார் அய்யர். கொல்லைப்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தார். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினார். தோல் சுற்றிய மரக்கிட்டியில் தோட்டாவைப் பிடித்து, குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே நிற்கிறேன் என்றேன். "நீ இங்கேயே நில்லு. நீ சொன்ன தோட்டாதானே" என்றார். நின்றேன்.

குண்டு வந்தது. அதன் கீழே அட்டை வில்லை ஒன்று, இறுக்கமாக அழுத்தி வைத்தது. அதை ஊசியால் எடுத்துவிட்டுக் கூட்டைக் காகிதத்தில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. நான் சொன்னதுதான் சரியோ என்று. அவ்வளவு கேவலமான நம்பிக்கை. அவர் மேஜையில் லேசாகத் தட்டினார். சேமியாக் கட்டு மாதிரி, பழுப்பு நிறக் குச்சிகள் நூலால் கட்டிய கட்டு ஒன்று முழுசாக வந்து காகிதத்தில் விழுந்தது.

"கரிமருந்து ஓடும். இது குச்சி மருந்து. வில்லை வச்சு இறுக்கியிருக்கு. ஆயிரம் வருஷம் குலுக்கினாலும் சத்தம் வராது" என்றார் அய்யர்.

அந்தக் கட்டில் ஒரு குச்சிகூடக் குறையவில்லை. கட்டிய நூல் கம்பெனி நூல், அவிழ்த்த தடமே இல்லை. கூட்டை எண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்துத் தொப்பியை நெம்பி எடுத்தார். தொப்பிக்குள் பூசியிருக்க வேண்டிய நெருப்பு மருந்து இல்லை. வெறும் செம்பு. லண்டனில் யாரோ ஒரு தொழிலாளி பூச மறந்த தொப்பி. அது கப்பலேறி வந்து, மூணாற்று மலையில் ஒருவனைக் கொன்று, இன்னொருவனைத் திருடனாக்கியிருக்கிறது. இருபது வருஷம் கழித்து, நான் போய் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

விஷயம் முழுவதையும் அய்யரிடம் சொன்னேன். எஸ்டேட்டுக்குக் கடிதம் எழுதிவிடுகிறேன் என்றேன்.

"நீ வாயால சொன்னயா, கடுதாசில சொன்னயா?"

"வாயாலதானுங்க."

"எங்கே வச்சு?"

"பிரட்டுக்களத்துலீங்க. எல்லார் முன்னாலயும்."

"அப்ப அங்கேயே போய், வாயாலயே எடுத்துக்கோ. துரைக்கு இந்தத் தோட்டா கிடையாதுன்னு நான் எழுதிக்கறேன்." குச்சிக் கட்டைத் தனி டப்பியிலும், கூடு, குண்டு, தொப்பி மூன்றையும் வேறொரு டப்பியிலும் அவரே கட்டிக் கொடுத்தார். போகும்போது ஒரு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் தோட்டா அலமாரிச் சாவியையும் என்னிடம் கொடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டதால் மலைப்பாதையில் மண் சரிந்து, நான் போய்ச் சேர்வதற்குள் முதல் தடவை போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. காலையில் ஆள் எண்ணுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அரிசி லாரியில் ஏறி முந்தின சாயங்காலமே கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் முந்தி வந்திருக்கப்படாதா" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பேச்சியம்மா அன்னைக்கே மக வீட்டுக்குப் போயிட்டா, கீழ் டிவிசனுக்கு. ஒரு வார்த்தை கேக்கல, ஏசல. போயிட்டா. இவன் ரெண்டு நாளு சோறு பொங்கல. அப்புறம் மாடசாமி கோயில்ல சூடத்தக் கொளுத்தி, எல்லாரையும் கூப்பிட்டு ஒத்துக்கிட்டான்."

"எதை ஒத்துக்கிட்டாருங்க?"

"நாந்தான் மருந்த எடுத்தேன்னு."

எடுக்காத மருந்து. என் டப்பியில், என் மடியில் ஒரு குச்சி குறையாமல் இருக்கிறது. அதை எடுத்தேன் என்று ஒரு மனுஷர் சாமி முன்னால் சொல்லியிருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன் அதே கோயிலில் சூடம் அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தவர் அவர். பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன் என்று மொட்டை போட்டுக்கொண்டாராம்.

காலையில் பிரட்டுக்களம். கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பிப் பேச்சியம்மாவையும் வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் கடைசி வரிசையில், மகளோடு நின்றார். இசக்கிமுத்து முதல் வரிசையில் மண்வெட்டியோடு நின்றார். மொட்டைத் தலையில் முடி நரைநரையாக முளைக்க ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

நான் நடுவில் போய் நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை. போன தடவை நான் சொன்னது தப்பு, இதில் மருந்து முழுசாக இருந்தது, எடுத்தவர் யாரும் இல்லை, வெடிக்காததற்குக் காரணம் தொப்பியைச் செய்த கம்பெனி, குலுக்கிப் பார்த்துச் சொன்ன நான் மடையன் என்று சொன்னேன். வெறும் பேச்சை அவர்கள் நம்பவில்லை. ஏற்கெனவே என் பேச்சை ஒரு தடவை நம்பியவர்கள்தானே. டப்பியைத் திறந்தேன். குச்சிக் கட்டை எல்லாரிடமும் காட்டினேன். நாலு குச்சியை உருவித் தகரத் தட்டில் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். மஞ்சளாக ஒரு சுவாலை சீறி எழுந்து அடங்கியது. தட்டில் சாம்பல்கூட இல்லை.

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. பேச்சியம்மா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். டப்பியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இருவது வருசம் நம்பினேன். மூணு வாரம் நம்பாம இருந்துட்டேன். அந்த மூணு வாரத்துக்கு நீங்க என்ன சொல்லப்போறிய?" என்றார்.

திறந்த டப்பியை நீட்டியபடியே நின்றேன்.

அந்த அம்மாள் கணவரிடம் போனார். குச்சியை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் கையை மூடினார். "நீரு ஏன் ஒத்துக்கிட்டீரு? எடுக்காதத ஏன் ஒத்துக்கிட்டீரு?" என்று கேட்டார். அழவில்லை, அடிக்குரலில் கேட்டார்.

இசக்கிமுத்து மெதுவாகப் பேசினார். "ஆனை வந்த அந்த வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல்லா புள்ள. நாலு நாளு எனக்கு நெனப்பே கெடையாது. படிச்சவரு, இதே வேலையா இருக்கவரு, எடுத்திருக்குன்னு சொல்லுதாரு. அவரு ஏன் பொய் சொல்லணும்? அப்பம் காய்ச்சல்ல நாந்தான் எடுத்துட்டனோன்னு ராவும் பகலும் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எடுத்தது மாதிரியே தெரிஞ்சிது. குண்டை இழுத்தது, மருந்தத் தாள்ல கொட்டுனது, எல்லாம் கண்ணுல தெரிஞ்சிது."

நான் உருவாக்கிக் கொடுத்த நினைவு அது. ஒரு நல்ல மனுஷரின் மண்டைக்குள் நான் போட்டுவிட்டு வந்த திருட்டு. மருந்து அங்கே கண்ணெதிரே எரிந்து முடிந்த பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

அவர் மூடிய கையைத் திறந்து குச்சியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்பம் நான் எடுக்கலையா, ஐயா?" என்றார்.

"நீங்க எடுக்கலீங்க" என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, மறுபடியும் அதையே கேட்டார்.